எலிஃபன்ட் பியூட் ஏரிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: நீர்மட்டத்தில் தொடங்குங்கள்

அல்புகர்க்கியிலிருந்து ஐ-25 நெடுஞ்சாலையில் தெற்கே ஏறத்தாழ 150 மைல் போனால் ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ் என்ற சிற்றூர் வரும். அதையொட்டி, சிவாவா பாலைவனத்துக்கு நடுவில் இருக்கிறது எலிஃபன்ட் பியூட் ஏரி. நியூ மெக்சிகோ மாநிலத்தின் மிகப் பெரிய ஏரி இதுதான். ரியோ கிராண்டே ஆற்றின் குறுக்கே 1911 முதல் 1916 வரை கட்டிய அணையால் உண்டானது. தண்ணீருக்கு நடுவே யானை போலத் தெரியும் ஓர் எரிமலைப் பாறைக் குன்றுதான் ஏரிக்குப் பெயர் கொடுத்தது. 1960களின் நடுவிலிருந்து இது மாநிலப் பூங்கா.

எல் பாசோ, லாஸ் க்ரூசெஸ், அல்புகர்க்கி பக்கம் புதிதாகக் குடிவந்த குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு முதலில் கேள்விப்படும் பெயர் இதுவாகத்தான் இருக்கும். "கடற்கரை மாதிரி இருக்கும், காரைத் தண்ணீர் ஓரத்திலேயே நிறுத்தலாம், அங்கேயே கூடாரம் போடலாம்" என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் நீங்கள் விளையாடுவதற்காகத் தேக்கி வைத்தது அல்ல. கீழே விவசாயிகள் அதற்குக் காத்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் எப்போது போவது, எங்கே தங்குவது, படகை எங்கே கட்டுவது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

முதலில் நீர்மட்டம்

அறை முன்பதிவு, சாமான் பட்டியல் எல்லாம் அப்புறம். முதலில் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். அணை, மத்திய அரசின் நீர்வள அமைப்பான பீரோ ஆஃப் ரெக்லமேஷன் வசம் இருக்கிறது. அன்றாட நீர்மட்டத்தை அவர்கள் இணையத்தில் வெளியிடுகிறார்கள். நியூ மெக்சிகோ மாநிலப் பூங்காத் துறையின் பக்கத்தில் எந்தெந்த ராம்ப் (படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவுப் பாதை) திறந்திருக்கிறது என்று போட்டிருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்த ஏரி வருடத்துக்கு வருடம் வேறு வேறு ஏரி. முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர்-அடி. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி. கிட்டத்தட்ட 12 லட்சம் லிட்டர். நிரம்பினால் ஏரியின் நீளமே 40 மைல் அளவுக்கு இருக்கும். 1980களில் அப்படி நிரம்பி, உபரி நீர் வழிந்திருக்கிறது. அதே ஏரி 2013இலும் 2018இலும் கொள்ளளவில் 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பழைய புகைப்படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வளைகுடாவைத் தேடிப் போனால், அங்கே புதர் முளைத்திருக்கும். பாறைகளில் வெள்ளைப் பட்டை ஒன்று தெரியும் பாருங்கள், அதுதான் தண்ணீர் ஒரு காலத்தில் நின்ற உயரம். அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் எங்கே போகிறது? பெரும்பகுதி கீழே ஹேட்ச், மெசில்லா பள்ளத்தாக்குகளின் மிளகாய், பீக்கன் (ஒருவகைக் கொட்டைப் பருப்பு) தோட்டங்களுக்கும், டெக்சஸின் எல் பாசோ பகுதிப் பாசனத்துக்கும். மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 60,000 ஏக்கர்-அடி தர வேண்டும் என்று 1906இலேயே ஒப்பந்தம் இருக்கிறது. கொலராடோ, நியூ மெக்சிகோ, டெக்சஸ் மூன்றும் ஆற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் உடன்படிக்கை 1938இல் கையெழுத்தானது. அதை வைத்து டெக்சஸ் 2013இல் தொடுத்த வழக்கில் மாநிலங்கள் எட்டிய சமரசத்தை, மத்திய அரசு ஒப்பவில்லை என்ற காரணத்தால் 2024இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இது போதாதென்று வெயில் வேறு. பாலைவனக் காற்றும் சூடும் ஒரு வருடத்தில் இந்த ஏரிப் பரப்பிலிருந்து ஏறத்தாழ ஆள் உயரத் தண்ணீரை உறிஞ்சிவிடுகின்றன.

இதனால் பூங்கா ஊழியர்களின் நிலை தனிவிதமானது. நிலத்தை மத்திய அரசிடம் குத்தகைக்கு வாங்கி முகாம், ராம்ப், கழிப்பறை, ரோந்து எல்லாம் மாநிலப் பூங்காத் துறை பார்க்கிறது. தண்ணீரைத் திறப்பதிலோ மூடுவதிலோ அவர்களுக்கு ஒரு பங்கும் இல்லை. ஏரி இறங்க இறங்க மிதவைத் துறைகளை நகர்த்துவார்கள், எட்டாத ராம்பை மூடுவார்கள், புதிதாகத் தலைகாட்டும் பாறைகளுக்கு மிதவைக் குறி போடுவார்கள். "ஏன் ராம்ப் மூடியிருக்கிறது?" என்று வாசலில் இருப்பவரிடம் கோபப்படுவதில் பயனில்லை. "இன்றைக்கு எந்த ராம்ப் நல்லது?" என்று கேளுங்கள், நன்றாகச் சொல்வார்கள்.

எப்போது போவது

மெமோரியல் டே (மே கடைசி), ஜூலை 4, லேபர் டே (செப்டம்பர் தொடக்கம்). இந்த மூன்று வார இறுதிகளையும் முதல் பயணத்துக்குத் தவிர்த்துவிடுங்கள். மாநிலத்தின் பாதி இங்கேதான் வந்துவிட்டதோ என்று தோன்றும். ராம்பில் வரிசை, கரையில் இரைச்சல், தண்ணீரில் குறுக்கும் நெடுக்குமாக ஜெட் ஸ்கீ. குழந்தைகளோடு கற்றுக்கொள்ளும் இடம் அது அல்ல.

மார்ச் முதல் மே வரை வெப்பம் இதமாக இருக்கும், ஆனால் காற்று மோசம். வசந்தகாலக் காற்று கூடாரத்தைப் பிடுங்கும்; திறந்த ஏரியில் அலை எழும்பிச் சிறு படகைப் புரட்டும். ஜூனில் வெயில் உச்சம். ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழை: காலையில் துல்லியமான வானம், பிற்பகலில் மேகம் கூடி இடியும் மின்னலும். அந்த மாதங்களில் காலை 6 மணிக்குத் தண்ணீரில் இறங்கி, நண்பகலுக்குள் கரையேறிவிடுவது நல்ல பழக்கம். என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்தான் சிறந்த காலம். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும்.

குளிர்காலத்தில் நீந்த முடியாது. ஆனால் பறவை பார்க்கிறவர்கள் அப்போதுதான் வர வேண்டும். வெள்ளைக் கூழைக்கடாக்களும் வெண்தலைக் கழுகுகளும் வரும்.

எங்கே தங்குவது

மூன்று வழி உண்டு. மின்சாரமும் தண்ணீரும் உள்ள முகாம் இடங்களை முன்கூட்டியே பதிவு செய்யலாம். லயன்ஸ் பீச், டெசர்ட் கோவ், குவெயில் ரன், சவுத் மான்டிசெல்லோ என்று பல பெயர்கள் பார்ப்பீர்கள். முதல்முறை வருகிறவர்களுக்கு, அதுவும் சின்னக் குழந்தைகள் இருந்தால், இதைத்தான் சொல்வேன். நிழல் மேடை இருக்கும், கழிப்பறை பக்கத்தில் இருக்கும்.

இரண்டாவது, கரையிலேயே கூடாரம் போடுவது. இதற்காகத்தான் பலரும் வருகிறார்கள். எண்ணிட்ட இடம் கிடையாது, மணல்தான். நிழல் இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது ஏறத்தாழ 4 லிட்டர் குடிநீர் என்று கணக்கிட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் எடுத்து வாருங்கள். நிழலுக்கு நான்கு கால் பந்தல் துணி கொண்டுவந்தால் மணல் பை கட்டி நிறுத்துங்கள். சாதாரண முளை மணலில் நிற்காது. சமைத்த சாப்பாடு கொண்டு போகிறவர்கள் தயிர்சாதத்தை ஐஸ் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். புளியோதரை கூட இந்த வெயிலில் மாலை வரை நம்ப முடியாது.

மூன்றாவது, ஊரில் விடுதி எடுத்துப் பகலில் மட்டும் வருவது. ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற ஊர். 1950 வரை அதன் பெயரே ஹாட் ஸ்பிரிங்ஸ் என்றுதான் இருந்தது; ஒரு வானொலி நிகழ்ச்சிக்காகப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். கயாக் துடுப்புப் போட்டு வலித்த தோளுக்கு அந்த ஊற்று நீர் சுகமாக இருக்கும்.

எங்கே தங்கினாலும், 20 நாளில் 14 நாளுக்கு மேல் ஒரே பூங்காவில் முகாமிட முடியாது என்பது மாநில விதி. நாய் கொண்டுவந்தால் 10 அடிக்கு மிகாத கயிற்றில் வைத்திருக்க வேண்டும். நெருப்பு மூட்டலாமா என்பது அந்தந்த வார வறட்சியைப் பொறுத்தது, வாசலில் கேட்டுவிடுங்கள்.

மணலில் கார் ஓட்டுவது

ஆண்டுதோறும் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது தண்ணீரில் அல்ல, இங்கேதான். கரை மூன்று பட்டையாக இருக்கும். மேலே வண்டிகள் போய்ப்போய்க் கெட்டிப்பட்ட தடம். நடுவில் பொலபொலவென்ற உலர்மணல். தண்ணீர் ஓரத்தில் தட்டையான, பார்க்கக் கெட்டியான, லேசாக வெடித்த மண். மூன்றாவது பட்டையைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். தண்ணீர் சமீபத்தில் விட்டுப்போன சேறு அது. மேலே ஒரு விரல் கனத்துக்கு ஓடு காய்ந்திருக்கும், கீழே குழைசேறு. கார் அந்த ஓட்டை உடைத்துக்கொண்டு அச்சு வரை இறங்கிவிடும்.

எனவே வண்டியை இறக்குமுன் இறங்கி நடந்து பாருங்கள். குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். ஈரம் கசிந்தாலோ, தரை அசைந்துகொடுத்தாலோ அங்கே போக வேண்டாம். உலர்மணலுக்குள் போவதானால் டயர் காற்றை 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை குறைத்துக்கொண்டால் டயர் அகலமாகப் பரவி மணலில் புதையாது. திரும்பக் காற்றடிக்கச் சிறிய கம்ப்ரசர் கட்டாயம் வேண்டும், அதில்லாமல் நெடுஞ்சாலை ஏறக் கூடாது. இருசக்கர இழுவை கொண்ட சாதாரண கார் என்றால் கெட்டித் தடத்தோடு நின்றுவிடுங்கள். சக்கரம் சுழல ஆரம்பித்தால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அழுத்த அழுத்தக் குழிதான் ஆழமாகும். மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னே சரிவு வெட்டி, பலகையோ கால்மிதியோ போட்டு மெல்ல ஏற்றுங்கள்.

இன்னொன்று. பாசனத்துக்கு நீர் திறந்திருக்கும் மாதங்களில், ஏரி ஏற்கெனவே குறைவாக இருந்தால், ஒரே நாளில் சில அங்குலம் இறங்கும். சரிவு குறைந்த கரையில் அந்தச் சில அங்குலம் என்பது பல அடித் தூரம். மாலையில் கரை தொட்டு நிறுத்திய படகு விடிந்ததும் மணலில் உட்கார்ந்திருக்கும். கொலராடோவின் பனி நன்றாக உருகி வரும் மே மாதத்தில் இதற்கு நேர்மாறாக, தண்ணீர் ஏறிக் கூடாரத்தை நனைக்கும். போய்ச் சேர்ந்ததும் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஏரி எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். அதை வைத்து இரவுக்குப் படகை எங்கே விடுவது, கூடாரத்தை எவ்வளவு மேலே தள்ளுவது என்று முடிவு செய்யலாம்.

படகும் மீனும்: என்னென்ன கையில் இருக்க வேண்டும்

1989 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் மோட்டார் படகு ஓட்ட வேண்டுமானால் படகுப் பாதுகாப்புப் படிப்பை முடித்த சான்று வேண்டும். இணையத்திலேயே முடிக்கலாம், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். 13 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், படகு நகரும்போது அதை அணிந்தே இருக்க வேண்டும். கயாக், பேடில்போர்டு, ஜெட் ஸ்கீ என்றால் வயது வித்தியாசமே இல்லை, எல்லோரும் அணிய வேண்டும். மது குடித்துவிட்டுப் படகு ஓட்டுவது, கார் ஓட்டுவது போலவே குற்றம்.

மீன்பிடிக்க 12 வயதிலிருந்தே உரிமம் தேவை. உரிம ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மார்ச் கடைசியில் போகிறவர்கள் ஆண்டு உரிமம் எடுத்துப் பணத்தை வீணாக்காமல் ஒருநாள் உரிமம் எடுத்தால் போதும். வெள்ளை பாஸ், கோடு பாஸ், பெரியவாய் பாஸ், கெளுத்தி, வால்ஐ எல்லாம் இங்கே உண்டு. புதியவர்களுக்கு என் யோசனை: அந்தி நேரத்தில் வெள்ளை பாஸ் கூட்டமாக மேலே வந்து சின்ன மீன்களைத் துரத்தும், தண்ணீர் கொதிப்பது போலத் தெரியும், பறவைகள் மேலே சுற்றும். அந்த இடத்துக்குள் படகை விடாமல், ஓரத்தில் நின்று தூண்டிலை வீசுங்கள்.

அறுந்த நைலான் தூண்டில் நரம்பை மட்டும் எங்கேயும் விடாதீர்கள். இந்த ஏரியில் முக்குளிப்பான் இனத்தைச் சேர்ந்த கிரீப் பறவைகள் ஏராளம். நீண்ட வெள்ளைக் கழுத்தும் சிவந்த கண்ணும் கொண்ட அழகான பறவை. முதுகில் குஞ்சைச் சுமந்துகொண்டு நீந்தும். காலில் நரம்பு சுற்றினால் அதனால் முக்குளிக்க முடியாது, பட்டினியில் செத்துவிடும். ஒரு காலி பாட்டிலில் நரம்பைத் திணித்து வீட்டுக்கு எடுத்துப்போவது ஒரு நிமிட வேலை.

தண்ணீரில் கவனம்

உயிர்காப்பாளர்களை எதிர்பார்த்து இங்கே நீந்த இறங்காதீர்கள். கரை சீராகச் சரிவது போலிருந்து சட்டென்று ஆழமாகும், ஏனென்றால் நீங்கள் நிற்பது மூழ்கிய மலைச்சரிவு. குழந்தை முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றாலும் ஜாக்கெட் போட்டிருக்கட்டும். ஊதும் மிதவைகள், அன்னம், பழம் வடிவத்தில் விற்கிறார்களே, அவைதான் எனக்கு இந்த ஏரியில் பெரும் பயம். கரையிலிருந்து ஏரிப் பக்கம் காற்று வீசினால், மேலே படுத்திருப்பவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நீந்தி எட்ட முடியாத தூரம் போயிருப்பார். மிதவையைக் கயிறு கட்டிக் கரையில் பிணையுங்கள். காற்று ஏரியை நோக்கி இருந்தால் அன்றைக்கு மிதவையே வேண்டாம்.

மரீனாவின், அதாவது படகுகள் கட்டிவைக்கும் இடத்தின், மின் இணைப்புள்ள துறைகளைச் சுற்றி நீந்தவே கூடாது. பழுதான வயரிலிருந்து நன்னீரில் கசியும் மின்சாரம் தசையை மரத்துப்போகச் செய்து ஆளை மூழ்கடிக்கும். அதேபோல், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது படகின் பின்படியில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள், புகைநச்சு அங்கேதான் தேங்கும்.

ஏரி குறைந்த ஆண்டுகளில் படகோட்டிகளுக்குப் புதிய ஆபத்து வரும். சென்ற வருடம் 20 அடி ஆழத்தில் இருந்த பாறை இந்த வருடம் நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே இருக்கும். மிதவைக் குறி இல்லாத இடத்தில் மெதுவாகவே போங்கள், ஒருவர் முன்னால் நின்று பார்க்கட்டும். எவ்வளவு நேரத்தில் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஏரியின் வடபகுதியில் கைபேசி சிக்னலை நம்ப முடியாது.

கரையில் எதையும் தோண்டாதீர்கள்

இங்கே இறங்கிய தண்ணீர் அவ்வப்போது வியப்பான பொருள்களை வெளியே கொண்டுவருகிறது. 2014இல் நண்பன் திருமணத்துக்கு முன் விருந்துக்காக வந்திருந்த இளைஞர் கூட்டம் ஒன்று, மணலில் துருத்திக்கொண்டிருந்த எலும்பைப் பார்த்தது. யானையின் தூரத்துச் சொந்தமான ஸ்டெகோமாஸ்டோடான் என்ற விலங்கின் மண்டையோடு அது. அல்புகர்க்கி இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதை எடுத்துக்கொண்டது. ஏரிப் பகுதியில் 1980களில் கிடைத்த டைரனோசார் மண்டையோட்டுப் பகுதிகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், 2024இல் அதற்கு டைரனோசாரஸ் மெக்ரேயென்சிஸ் என்று புதிய இனப்பெயர் சூட்டினார்கள். ஆகவே எலும்பு போலவோ பழங்காலப் பானை ஓடு போலவோ எதைப் பார்த்தாலும் தொடாதீர்கள். இடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறித்து, புகைப்படம் எடுத்து, பூங்கா ரேஞ்சரிடம் சொல்லுங்கள். எடுத்துப்போவது சட்டப்படி குற்றம். அதோடு, இடத்தைவிட்டு நகர்த்திய எலும்பு ஆய்வாளருக்குப் பாதி ஊமையாகிவிடுகிறது.

பாறை இடுக்கில் கை விடாமலிருக்க இன்னொரு காரணம் கிலுகிலுப்பைப் பாம்பு. இரவில் கழிப்பறைக்கு நடக்கும்போது டார்ச் அடித்து, மூடிய செருப்பு போட்டு நடங்கள்.

கிளம்பும்போது

குப்பையை எடுத்துப்போவது, கரி அணைந்ததா என்று தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்ப்பது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கரியை மணல் போட்டு மூடிவிட்டுப் போகாதீர்கள். உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், அடுத்து வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை மிதிக்கும்.

படகு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது, அதை ஒருபோதும் தவறவிடாதீர்கள். குவாகா, ஸீப்ரா என்ற இருவகைச் சிறு மட்டிகள் அமெரிக்கத் தென்மேற்கின் ஏரிகளைப் பிடித்து ஆட்டுகின்றன. அரிசோனா எல்லையில் உள்ள லேக் ஹவாசுவில் 2007இல் குவாகா கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு லேக் பவலிலும் பரவியது. ஒரு தடவை வந்துவிட்டால் பாசனக் குழாய், அணையின் மின்நிலையம், படகு இன்ஜின் என்று எல்லாவற்றையும் அடைத்துவிடும், ஒழிக்க வழியில்லை. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை, படகடியில் தேங்கிய ஒரு குவளை நீரில்கூடப் பயணம் செய்யும். அதனால்தான் நியூ மெக்சிகோவுக்கு வெளிமாநிலத்திலிருந்து வரும் படகுகள் நீரில் இறங்குமுன் சோதனை செய்துகொள்ள வேண்டும். வழியில் சோதனை நிலையம் திறந்திருந்தால் கயாக் உட்பட எதை ஏற்றி வந்தாலும் நிறுத்த வேண்டும். சோதனைக்குக் கட்டணம் இல்லை.

ராம்பிலிருந்து மேலேறியதும் வரிசைக்கு இடம் விட்டு ஒதுங்கி நிறுத்துங்கள். படகடியில் தேங்கும் நீரை வடிக்கும் துளையின் அடைப்பை (டிரெய்ன் பிளக்) கழற்றுங்கள். சாலையில் போகும்போது அது கழன்றே இருக்க வேண்டும் என்பது சட்டம். மீன் வைத்த தொட்டி, இன்ஜின், ஐஸ் பெட்டி, கயாக்கின் உட்குழி எல்லாவற்றையும் வடியவிடுங்கள். நங்கூரக் கயிற்றிலும் டிரெய்லர் அச்சிலும் சிக்கிய பாசியையும் சேற்றையும் கையால் பிடுங்கிப் போடுங்கள். லைஃப் ஜாக்கெட்டுகளை ஈரத்தோடு பைக்குள் சுருட்டாமல் வீட்டில் வெயிலில் விரித்துக் காயப்போடுங்கள். அடுத்த வாரமே வேறோர் ஏரிக்குப் போகிற எண்ணம் இருந்தால், அங்கே போய்ச் சேர்ந்ததும் முதலில் சோதனை நிலையத்துக்குப் போய், கடைசியாக எந்த ஏரியில் படகு இறங்கியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.